படம் கீறத்தானா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற?



சென்ற கிழமை எங்கள் பாடசாலையில் தரம் 1 பெற்றோர் கூட்டம். முடிகிற நேரம் பின் வாங்கில் இருந்த ஒரு தாய் எழும்பி, கையில் இருந்த கொப்பியை விரித்துக் காட்டினார். "டீச்சர், கோவிக்கப்படா. இந்தக் கொப்பில பதினாலு பக்கம் படம். எழுத்து எண்டு பார்த்தா ரெண்டே ரெண்டு பக்கம். படம் கீறத்தானா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற? பக்கத்து வீட்டுப் புள்ள ரியூசன் போய் வசனமே வாசிக்கிது."

இன்னும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் ஏதோ பதில் சொன்னேன். "பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருக்கு" என்று. வீட்டுக்கு வந்து யோசித்தால் அது பதிலே இல்லை. பாடத்திட்டத்தில் இருக்கு என்று சொன்னால் எந்த உம்மாவுக்கு மனசு ஆறும்? அதனால்தான் இதை எழுதுகிறேன். நீண்ட பதிவு. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒன்று. அந்தத் தாயில் பிழை இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் எங்கள் ஊர்களில் ஒரு பரீட்சை மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையின் முகம் சந்தியில் பேனரில் தொங்கும். எடுக்காத பிள்ளையின் உம்மா ஒரு மாதத்துக்குக் கலியாண வீட்டுப் பக்கமும் போக மாட்டார். அந்தப் பயம் தரம் 4இல் தொடங்கி, தரம் 3க்கு இறங்கி, இப்போது பாலர் பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டது. மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் புள்ளிக்கோட்டில் 'அ' எழுதி வரச் சொல்லி வீட்டுவேலை. பென்சில் பிடிக்கிற விரல் இன்னும் முற்றவில்லை. பிள்ளை அழுகிறது, உம்மா பக்கத்தில் இருந்து அதட்டுகிறார், பிறகு உம்மாவே எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். நான் பொய் சொல்கிறேனா?

நான் அந்தக் கூட்டத்தில் சொன்ன பாடத்திட்ட விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதன்மை நிலை 1, அதாவது தரம் 1, தரம் 2. இந்த இரண்டு வருஷமும் விளையாட்டுக்குத்தான் முதலிடம். அடுத்தது செயற்பாடு. எழுத்து வேலைக்குக் கடைசி இடம். பிள்ளை தரம் 5க்கு வரும்போதுதான் எழுத்து வேலை முன்னுக்கு வரும். இது நேற்று வந்த சட்டம் இல்லை. 1999இல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்திலிருந்தே இப்படித்தான். ஆனால் கடதாசியில் இருப்பது ஒன்று, நாங்கள் வகுப்பில் செய்வது இன்னொன்று. ஆசிரியர்கள் நாங்களும் அதிபரின் கண்ணுக்கும் பெற்றோரின் கொப்பிக்கும் பயந்துதான் வேலை செய்கிறோம்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

முதல் நியமனம் கிடைத்துத் தரம் 1 எடுத்த வருஷம். கலாசாலையில் படித்ததெல்லாம் பெட்டியில் இருக்க, கரும்பலகையில் அழகாக ஒரு தென்னை மரம் கீறி, "இதப் பார்த்துக் கீறுங்க" என்றேன். 31 பிள்ளைகள், 31 தென்னை மரம். எல்லாம் ஒரே வளைவு, ஒரே மூன்று குரும்பை. ஒரு பிள்ளை மட்டும் மரத்தைப் படுக்க வைத்துக் கீறியிருந்தாள். நான் அழிறப்பரை எடுத்து அதை அழித்து, அவள் கையைப் பிடித்து நேராக ஒரு மரம் கீறினேன். "கெட்டிக்காரி" என்று சொல்லி ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

பிறகுதான் தெரியும், முந்திய கிழமை அடித்த காற்றில் அவர்கள் வளவுத் தென்னை சாய்ந்து குசினிக் கூரையில் விழுந்திருக்கிறது. அவள் பார்த்ததைத்தான் கீறினாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு பெரிய கதை இருந்தது. நான் அதை அழிறப்பரால் அழித்துவிட்டு நட்சத்திரமும் கொடுத்தேன். அதற்குப் பிறகு படக்கொப்பியைத் திறந்தால் அவள் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு வராது டீச்சர், நீங்க கீறித் தாங்க." அந்த வருஷம் முடியும் வரை அவளுக்காக நான்தான் கீறினேன். இப்போது அவள் பெரிய பிள்ளை. வழியில் கண்டால் ஸலாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குத்தான் அந்தத் தென்னை ஞாபகம் வரும்.

அடுத்தது ஆட்டோ கீறிய பையன்.

2022, பெற்றோல் வரிசைக் காலம். கிழமையில் மூன்று நாள்தான் பாடசாலை. வகுப்பில் ஒருவன். பெயர் வேண்டாம். வாய் திறக்க மாட்டான். பெயர் கூப்பிட்டால் கை மட்டும் உயரும். ஒவ்வொரு நாளும் ஒரே படம்: ஓர் ஆட்டோ. மூன்று சில்லு, ஒரு கூரை, உள்ளே ஆள் இல்லை. அவனுடைய உம்மாவும் வந்து கவலைப்பட்டார். "இந்தப் புள்ளைக்கு வேற ஒண்டும் வராது டீச்சர். வாப்பாட ஆட்டோவையே கீறிக்கிட்டு இரிக்கான்."

ஒரு நாள் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, நானும் ஒரு கடதாசி எடுத்து ஒரு ரோட்டைக் கீறினேன். அவனைப் பார்க்காமலே கேட்டேன்: "இந்த ஆட்டோ எங்க போகுது?"

"போகாது டீச்சர். பெற்றோல் இல்ல."

"அப்ப வாப்பா எங்க?"

"கியூவில வெச்சிட்டு சோறு தின்ன வந்த."

"ஆட்டோ தனியாவா நிக்கிது?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஓம். பயந்து போய் இரிக்கி."

அந்தத் தவணையில் அவன் பேசியதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. நான் செய்தது ஒன்றுதான். அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினேன். "ஆட்டோ போகாது. பெற்றோல் இல்ல. வாப்பா சோறு தின்ன வந்த. ஆட்டோ பயந்து போய் இரிக்கி." விரலை வைத்து மெதுவாக வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டான்: "இதுல ஆட்டோ எங்க எழுதி இரிக்கி?" முதல் சொல்லைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில், நான் ஒன்றும் சொல்லாமலே, நாலாவது வசனத்தில் விரலை வைத்தான். "இதுவும் ஆட்டோ."

அவன் வாசித்த முதல் சொல் அது. சுவரில் ஆடு படம் போட்டு 'ஆ' என்று எழுதிய அட்டை மூன்று மாதமாகத் தொங்குகிறது. அதில் வராத 'ஆ' ஆட்டோவில் வந்தது. ஆடு எங்களுடையது, ஆட்டோ அவனுடையது.

அடுத்த நாள் பாடசாலை. புத்தகப் பையைக்கூட வைக்கவில்லை, இன்னொரு பிள்ளை கேட்கிறாள்: "டீச்சர், அந்த ஆட்டோக்கு என்ன நடந்த?" அதோடு முழு வகுப்பும் கதைக்குள் இறங்கிவிட்டது. ஒருவன் சொன்னான், யானை வந்து தள்ளட்டும் என்று. எங்கள் மாவட்டத்தில் வயலுக்கு யானை வராத வருஷம் ஏது? "யானைக்குக் கூலி என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். வாழைப்பழம் என்று முடிவானது. யானை தள்ளித் தள்ளி ஆட்டோ கடற்கரைக்குப் போய், மணலில் புதைந்து, நண்டுகள் வந்து மணலைத் தோண்டி எடுத்து... மூன்று கிழமை போனது. ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். ஒரு பிள்ளை கீறும், மற்றவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கீறித் தையல் நூலால் கட்டினோம். கடதாசித் தட்டுப்பாட்டால் அந்த வருஷம் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பின்போட்டது ஞாபகம் இருக்கும். கொப்பி விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிற காலம். எங்களுக்கு நாட்காட்டி போதுமாக இருந்தது.

அந்தக் கதைப் புத்தகத்தை ஓர் அதிகாரி பார்த்தார். புரட்டி விட்டுச் சொன்னார்: "சோறு தின்ன வந்த என்று எழுதுறது பிழை. தந்தை உணவருந்த வந்தார் என்று எழுதணும்." மரியாதைக்குத் தலையாட்டினேன். எழுத்துத் தமிழைப் பிள்ளை படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஆறு வயதில், தன் வாயில் இருந்து வந்த சொல் கடதாசியில் எழுத்தாக நிற்பதைப் பிள்ளை காண்கிற அந்த முதல் நாளில், 'உணவருந்த' என்று எழுதினால் அவன் தேடுவது அங்கே இருக்காது. அது வேறு யாரோ ஒருவருடைய வாப்பா ஆகிவிடும்.

கலாசாலையில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் விவியன் பேலி என்ற ஆசிரியையைப் பற்றிச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் சிகாகோ நகரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். பிள்ளை சொல்கிற கதையை அந்தப் பிள்ளையின் சொல்லிலேயே எழுதி எடுப்பார். பிறகு அதே நாளில் வகுப்பே சேர்ந்து அதை நடித்துக் காட்டும். அவருடைய வகுப்பில் ஒரு பையன், தான் ஒரு ஹெலிகொப்டர் என்று சொல்லிக்கொண்டு யாரோடும் சேராமல் தனியே பறந்துகொண்டிருந்தான். அந்தப் பையனைப் பற்றியே அவர் ஒரு புத்தகம் எழுதினார், 1990இல். அவனை ஹெலிகொப்டரில் இருந்து இறக்க அவர் முயலவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் கதைகளோடு அந்த ஹெலிகொப்டர் பக்கம் போனார்கள், மெல்ல மெல்ல அவனும் அவர்கள் கதைக்குள் வந்தான். கலாசாலையில் குறிப்பெழுதி, பரீட்சை எழுதி, மறந்துவிட்ட விசயம் இது. ஆட்டோப் பையனைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

இனிக் கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் கீழே நீங்களே கேட்பீர்கள்.

சில வீடுகளில் உயிருள்ளவற்றின் படம் கீறக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளின் விளையாட்டு விசயத்தில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை, சொல்லவும் மாட்டேன். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "பரவால்ல, கீறுங்க" என்று நான் சொன்னதும் இல்லை. வீட்டில் சொன்னதுக்கு மாறாக டீச்சர் சொன்னால் பிள்ளைதான் நடுவில் நின்று தவிக்கும்.

யானை ஆட்டோவைத் தள்ளுகிற பக்கத்தைக் கீற வேண்டிய முறை அப்படி ஒரு வீட்டுப் பையனுக்கு வந்தது. நான் கொஞ்சம் பயந்தேன். அவன் பயப்படவில்லை. உடைந்த வேலி ஒன்று கீறினான். பாதி தின்ற வாழை மரம். பிறகு வேலியில் இருந்து ஆட்டோ வரை பெரிய பெரிய வட்டங்கள். யானையின் காலடி. யானையே இல்லாத படத்தில் யானை வந்து போயிருந்தது. மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. வகுப்பிலேயே சிறந்த படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால் கூடாது என்று நினைக்கிற பெற்றோரும் பயப்பட வேண்டாம். வீடு, கடல், தோணி, மழை, காலடி, ரோட்டு, மரம். கதைக்கு இதெல்லாம் தாராளம்.

இன்னொரு கேள்வி, ஒரு வாப்பா கேட்டது: "இல்லாத கதையச் சொல்லப் பழக்கினா புள்ள பொய் சொல்லப் பழகாதா?" சிரிக்கக் கூடாது, நியாயமான கேள்வி. எங்கள் பேச்சே அப்படித்தான் இருக்கிறது. 'கதை விடுறான்', 'கதை கட்டுறான்', 'கதை அளக்கிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்றுதானே அர்த்தம்? ஆனால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும், எங்களைவிட நன்றாகத் தெரியும். "யானை உண்மையா ஆட்டோவத் தள்ளினதா?" என்று நான் ஒருமுறை கேட்டதுக்கு, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள், "டீச்சர், இது கதை." பொய் என்பது மற்றவரை ஏமாற்றச் சொல்வது. கதையில் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இது கதை என்று தெரியும்.

அபூதாவூதில் பதிவாகியிருக்கும் ஒரு செய்தி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு பயணம் முடிந்து வீட்டுக்கு வருகிறார்கள். ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவில் இறக்கை வைத்த ஒரு குதிரை இருக்கிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். அதன் மேல் இருப்பது என்ன என்று கேட்கிறார்கள். குதிரைக்கு இறக்கையா என்று கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்படவில்லையா என்ற பதில் வருகிறது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இதை வைத்துச் சட்டம் பேச நான் வரவில்லை. நான் பார்ப்பது வேறொன்று. அவ்வளவு பெரிய பொறுப்புகளோடு களைத்து வந்த ஒருவர், நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். எங்களில் எத்தனை பேர் வேலை முடிந்து வந்து பிள்ளையின் கடதாசியைப் பார்த்து இரண்டாவது கேள்வி கேட்கிறோம்? முதல் கேள்வியே "ஹோம்வேர்க் முடிச்சதா" என்பதுதானே.

படத்தைப் பார்த்துப் பிள்ளையின் மனசைக் கண்டுபிடிக்கிற ஆட்களும் இப்போது கூடிவிட்டார்கள். கறுப்பு நிறம் என்றால் கவலை, கை இல்லாமல் மனிதரைக் கீறினால் பயம் என்று வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றியது. தயவுசெய்து அதை விடுங்கள். என் மகள் இரண்டு கிழமையாக எல்லாவற்றையும் கறுப்பில் கீறினாள். நானும் உள்ளுக்குள் கலங்கி, மெதுவாகக் கேட்டேன். "மத்த பேஸ்டல் எல்லாம் தம்பி தின்டுட்டான் உம்மா" என்றாள். பிள்ளையிடம் கேட்காமல் படத்திடம் கேட்டால் இப்படித்தான்.

ஆனாலும் சில பிள்ளைகளுக்குப் படம்தான் முதல் வாய். எங்கள் மாகாணத்துக்கு இது புதிது இல்லை. 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாவில் இருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும், யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் முன்னின்று செய்தார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து ஒரே வளவுக்குள் படம் கீறினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள், கதையை நடித்தார்கள். அந்த நாட்களில் பெரியவர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்த ரோட்டால்தான் அந்த பஸ்ஸும் போனது. அங்கே யாரும் புள்ளி போடவில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? இதைத்தான் அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த இரவுகளில்தான் நான் என் மகளோடு இதைத் தொடங்கினேன். போனில் சார்ஜ் இல்லை. இருந்தது ஒரு மெழுகுதிரி. சுவரில் என் கை நிழல் விழுந்தது. "நண்டு" என்றாள். நண்டுக்கு வீடு இல்லை என்றேன். ஏன் இல்லை என்றாள். நீங்களே சொல்லுங்க என்றேன். அலை வந்து வீட்டைக் கொண்டு போனதாம். பிறகு அடுப்புக் கரி எடுத்து சிமெந்து நிலத்தில் நண்டுக்கு வீடு கீறினோம். வாசல் எங்கே, குசினி எங்கே, நண்டுட உம்மம்மா எங்கே படுப்பா என்று ஒரு மணித்தியாலம் போனது. கரண்ட் வந்தபோது "ஏன் வந்த?" என்று அழுதாள். அன்றைக்கு ஊரிலேயே கரண்ட் வந்ததுக்கு அழுத ஒரே ஆள் அவள்தான்.

செலவு ஒன்றும் இல்லை. சீனிப் பை, பழைய நாட்காட்டி, கடற்கரை மணலும் ஒரு குச்சியும், எது கிடைத்தாலும் போதும். பத்து நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் பக்கத்தில் இருங்கள், மேலே நின்று பார்க்காதீர்கள். உங்களுக்கு ஒரு கடதாசி, பிள்ளைக்கு ஒரு கடதாசி. பிள்ளையின் கடதாசியில் நீங்கள் கோடு போடக் கூடாது. என் தென்னை மரக் கதையை ஞாபகம் வையுங்கள். உங்களுக்குக் கீற வராதா? அது மிகவும் நல்லது. உம்மாவின் மாடு நாய் மாதிரி இருப்பதைக் காண்கிற பிள்ளைக்கு வருகிற தைரியம் எந்த ஓவிய வகுப்பிலும் கிடைக்காது. "இது என்ன?" என்று விசாரணை நடத்தாமல் "இதைப் பத்திச் சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளையின் கிறுக்கலுக்குப் பெயர் இல்லாமலும் இருக்கலாம். கை ஓடுவதே அந்த வயதில் சந்தோஷம். இன்றைக்கு அது மழை, நாளைக்கு அதே கிறுக்கல் மாமாட தாடி. மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம்.

சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுங்கள். ஒரு வசனம் போதும். பிறகு வாசித்துக் காட்டுங்கள். எழுத வாசிக்க அவ்வளவு வராத உம்மம்மாமார், மூத்தவாப்பாமார் வீட்டில் இருந்தால் அவர்கள் கதை கேட்கட்டும். நாங்கள் வளர்ந்ததும் நொடி போட்டு, இழுத்து இழுத்துக் கதை சொன்ன உம்மம்மாமாரின் மடியில்தானே. அவர்களுக்கு எந்தக் கலாசாலையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கதை வரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. இத்தாலியில் ஜான்னி ரொடாரி என்று ஒரு சிறுவர் எழுத்தாளர். 1973இல், கதை உண்டாக்குவது எப்படி என்றே ஒரு புத்தகம் எழுதினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், கதை தானாகப் பிறக்கும் என்பார். நான் வகுப்பில் சீட்டுக் குலுக்கினேன். 'செருப்பு', 'நிலா' என்று வந்தது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. நிலாவிடம் செருப்பு இல்லையாம். பகலில் வந்தால் வெயிலில் கால் சுடுமாம். அதனால்தான் இரவில் மட்டும் வருதாம். இதைச் சொன்ன பிள்ளைக்கு அன்றைய சொல்வதெழுதலில் பத்துக்கு மூன்று புள்ளி. நான்தான் போட்டேன். அந்த மூன்றைப் பார்த்துத்தான் வீட்டில் அவளைப் பேசியிருப்பார்கள்.

வாப்பாமாரே, உங்களுக்குத் தனியாக. கடலுக்குப் போகிறவர், கடை திறக்கிறவர், கட்டாரில் இருந்து இதை வாசிக்கிறவர், எல்லோரும். வீடியோ கோலில் "சாப்பிட்டதா, படிச்சதா" என்று கேட்டு முடிந்தால் பிள்ளை ஓடிவிடும். ஒரு கடதாசியை எடுத்து நீங்கள் அங்கே ஒரு கோடு கீறிக் காட்டுங்கள், பிள்ளை இங்கே மிச்சத்தைக் கீறட்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளையும் வாப்பாவும் இரண்டு மாதமாக ஒரு தோணியைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். அது கட்டாரில் இருந்து புறப்பட்டு இன்னும் வந்து சேரவில்லை. வழியில் மீன்களோடு சண்டையாம்.

புலமைப்பரிசில் என்ன ஆகும் என்றால்: பரீட்சைக்குப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரம் 4, தரம் 5 வரட்டும், வினாத்தாளும் செய்யட்டும். ஆனால் அந்த வினாத்தாளிலும் பந்தியை வாசித்து விளங்கித்தான் பதில் எழுத வேண்டும், சொந்தமாக வசனம் எழுதத்தான் வேண்டும். ஒரு கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஆறு வயதில் யோசிக்கப் பழகாத பிள்ளை, பத்து வயதில் ரியூசன் சேரின் கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு நிற்கிறது. நான் தரம் 5 வினாத்தாள் பார்த்திருக்கிறேன். ஒரே ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரின் 'என் செல்லப்பிராணி' ஒரே வெள்ளைப் பூனை. வீட்டில் பூனையே இல்லாத பிள்ளைக்கும்.

அந்த ஆட்டோப் பையன் பிறகு தரம் 2, தரம் 3 என்று ஏறி தரம் 4க்கும் வந்தான். வகுப்பில் முதலாம் ஆள் இல்லை, நடுவில் எங்கோ இருக்கிறான். ஒரு நாள் இடைவேளையில் என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். தரம் 1 பிள்ளைகள் அந்தப் பழைய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் விட்டுப் போய் நான் மூன்று தரம் கட்டியிருக்கிறேன். "டீச்சர், அதுல கடைசிப் பக்கம் பிழை," என்றான். "ஆட்டோ வீட்டுக்கு வரல்ல. அதுக்குப் புறகு ஒண்டு நடந்த." உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். மணி அடித்துவிட்டது.

எழுத எங்களிடம் தாள் தீர்ந்துவிட்டது. உங்கள் வீடுகளில், கடைகளில் பழைய வருஷத்து நாட்காட்டி இருந்தால் எரிக்காமல், பழைய பேப்பர்காரனுக்கும் போடாமல் தாருங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். பாடசாலை வாசலில் காவலாளியிடம் 'தரம் 1 டீச்சருக்கு' என்று சொல்லிக் கொடுத்தால் என் கைக்கு வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.